எட்டுச் சுண்டு பிளம்ஸ்

தங்கச்சியின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் மனைவி ஒரு துண்டுக் காகிதத்தை என் சட்டைப் பையில் வைத்தாள். கேக்குக்கு வேண்டிய சாமான்கள். பிளம்ஸ் எட்டுச் சுண்டு, சுல்தானா எட்டுச் சுண்டு, பேரீச்சம்பழம் நாலு சுண்டு. கஜுவும் முட்டையும் மற்றதும் அவள் பொறுப்பு. இந்த மூன்றையும் கண்டி டவுனில் நல்லதாகப் பார்த்து நான் வாங்கி வரவேண்டும். கறுத்துச் சுருங்கிய உலர் முந்திரிகையை, அதாவது திராட்சை வற்றலைத்தான், நாங்கள் பிளம்ஸ் என்போம். கொஞ்சம் வெளிறிப் பொன்னிறமாக இருந்தால் சுல்தானா.

பட்டியல் அவளுடைய பெரியம்மாவுடையது. பெரியம்மா மடுல்கெல்லப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையலுக்கு இருந்தவர். துரைசானி கோப்பையால் அளந்து போட்டதை எல்லாம் பெரியம்மா சுண்டுக்கு மாற்றி எழுதி வைத்துக்கொண்டார். சிகரெட் வருகிற தகரப் பேணிதான் எங்களுக்குச் சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து, ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல். கூப்பனுக்கு அளந்து தருகிற ரேஷன் அரிசியில் வளர்ந்த எவரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

கடையில் பிளம்ஸைச் சுண்டால் அளந்து தரமாட்டார்கள், தராசில் நிறுத்துத்தான் தருவார்கள். ஆகவே பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். ஒரு சுண்டு அரை றாத்தல் என்றால் எட்டுச் சுண்டு நாலு றாத்தல். பேரீச்சம்பழம் இரண்டு றாத்தல். கணக்கில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே இருந்தது. அதை அன்றைக்கும் யாரும் கலைக்கவில்லை.

அப்போது நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரின் பெயர் இங்கே வேண்டாம். கடைகளுக்கு இடம் ஒதுக்குகிற பகுதியில் நான் கிளார்க். அந்தக் கதிரைக்கு நான் வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தோட்டத்து ஆளான அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக் காகிதம் கிடைத்ததே மிகப் பிந்தித்தான். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க முடிந்தது. எனக்கு முன்னால் அதே கதிரையில் இருந்தவர் ஒரு போத்தல் நெய்யால் வேலையை இழந்தார். ஒரு கடைக்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய நெய். அவர் வாங்கினாரா, வாங்கச் சொன்னாரா, நெய் எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் கதிரை காலியானது எல்லோருக்கும் தெரியும். நான் அதில் உட்கார்ந்த நாள் முதல் யார் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறான் என்றுதான் யோசித்தேன்.

சந்தைக்குப் பின்னால் இருந்த பலகைக் கடைகளை உடைத்துவிட்டு அங்கே புதிய கட்டிடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய கடைகள் கொஞ்சம், கேட்டவர்கள் நிறைய. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு பைல். ஒவ்வொரு பைலிலும் ஆளைப் பற்றி நாலு வரி எழுதிப் பெரியவரிடம் அனுப்புவது என் வேலை. பெரியவர் என்பது எங்கள் பகுதித் தலைவர். என்னுடைய நாலு வரியைத் தாண்டி அவர் பெரும்பாலும் படிக்கமாட்டார். பலகைக் கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் நான் அந்தப் பக்கம் நடந்தால் வழியெல்லாம் வணக்கமும் ஸலாமும்.

பலகைக் கடைக்காரர்களில் ஒருவர் அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற நானா. முஸ்லிம் வியாபாரிகளை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஏலம், கறுவா, பருப்பு, கொஞ்சம் அரிசி, உலர்ந்த பழ வகை எல்லாம் அவரிடம் இருக்கும். இறக்குமதி திறந்துவிட்ட புதிது. வருஷக்கணக்காகக் கண்ணில் படாத பிளம்ஸும் சுல்தானாவும் அவர் கடையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. எங்கள் கந்தோரில் எல்லோரும் அங்கேதான் வாங்கினார்கள். அவருடைய பைலும் என் மேசையில் இருந்தது. புதிய கட்டிடத்தில் கடை கிடைக்காவிட்டால் அவருக்கு டவுனில் வேறு இடம் இல்லை என்பது அதில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

நான் அங்கே வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். முழு விலையும் கொடுத்து வாங்கினால் என்ன குற்றம் என்று அப்போது நினைத்தேன். தங்கச்சியின் கல்யாணக் கேக்குக்கு என்று சொல்லிவிட்டு, தராசின் முள் நேரே நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நாலு றாத்தல் பிளம்ஸ், நாலு றாத்தல் சுல்தானா, இரண்டு றாத்தல் பேரீச்சம்பழம். நிறுத்து முடிந்ததும் எல்லோருக்கும் அள்ளிப் போடுகிற கொசுறை எனக்கும் போட நானா கையை நீட்டினார். நான் பையின் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அந்தப் பார்வையையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி பாய் விரித்து, சுண்டை எடுத்து அளக்கத் தொடங்கினாள். எட்டு ஆயிற்று. ஒன்பது, பத்து. பதினோராவது சுண்டில் பாதிக்கு மேல் வந்துதான் பிளம்ஸ் முடிந்தது. சுல்தானாவும் அப்படியே. எங்கள் பட்டியலுக்கு மேலே ஒவ்வொன்றிலும் இரண்டரைச் சுண்டுக்கு அதிகம். என் கணக்கில் மொத்தம் இரண்டரை றாத்தலுக்கு மேல் சும்மா வந்திருந்தது. மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு நெய்ப் போத்தல் ஞாபகம் வந்தது.

பேரீச்சம்பழம் எத்தனை என்று கேட்டேன். கொட்டை எடுத்த பழம், ஒட்டிக் கட்டியாக இருந்தது. அமுக்கி அளந்து பார்த்துவிட்டுச் சரியாக நாலு என்றாள். இதுதான் என்னைக் கெடுத்தது. எல்லாமே கூடியிருந்தால் நானாவின் தராசு பழுது என்று விட்டிருப்பேன். ஒன்று மட்டும் அச்சொட்டாக இருக்கிறது என்றால் மற்ற இரண்டும் வேண்டுமென்று கூட்டப்பட்டவை. கொசுறை நான் தடுத்தேன், தடுக்க முடியாத வழியில் அவர் தந்துவிட்டார். மனிதர் எவ்வளவு நுட்பமாக என்னை மடக்கப் பார்க்கிறார் என்று ஆத்திரம் வந்தது. கூடவே, அவர் நிறுக்கிற கையை நான் பார்த்துக்கொண்டு நின்றும் ஏமாந்தேனே என்ற வெட்கமும் வந்தது.

மனைவி ஒன்று சொன்னாள். "அரிசியும் பிளம்ஸும் ஒண்ணாங்க? வேற கடையில ஒரு றாத்தல் வாங்கி அளந்து பாருங்களேன்."

கல்யாண வேலையைப் பார் என்று அவள் வாயை அடைத்தேன். எனக்கு வேறு கடையின் தராசு வேண்டியிருக்கவில்லை. இந்த ஆளின் தந்திரம் எப்படி நடக்கிறது என்பதுதான் வேண்டியிருந்தது. மறுநாள் மதியம் போய் நானாவிடம் ஒரு றாத்தல் பிளம்ஸ் வாங்கினேன். படிக்கல்லை வாங்கி அடியில் ஈயம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றுகூடத் திருப்பிப் பார்த்தேன். என்ன தம்பி பார்க்கிறீங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டில் அளந்தால் இரண்டு சுண்டும் மூன்றாவதில் பாதிக்கு மேலும். அதற்கடுத்த நாள் அவரிடமே ஒரு றாத்தல் அரிசி வாங்கினேன். சரியாக இரண்டு சுண்டு, ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அரிசியில் நேர்மை, பிளம்ஸில் தாராளம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என் சோதனை எல்லாம் ஒரே தகரப் பேணியை நம்பித்தான் நடந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பேணியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? பிறந்ததிலிருந்து அது எங்களுக்குச் சோறு அளந்த பேணி.

வெள்ளிக்கிழமை காலையில், கூடுதலாக வந்தது என்று நான் நினைத்ததை எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். பலகை மேல் வைத்தேன். நீங்கள் தந்ததில் இவ்வளவு கூட வந்திருக்கிறது, எனக்கு இது வேண்டாம் என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

நானா பையைத் திறந்து பார்த்தார். குழம்பிப்போனார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதை நடிப்பென்று நினைத்தேன். பிறகு சிரித்தார்.

"நிறுத்தது நிறுத்ததுதான் தம்பி. கூடப் போயிரிச்சின்னா வெச்சிக்கோங்களே, கல்யாண ஊடுதானே."

இதைவிட ஒரு மனிதன் தன் வாயால் என்ன ஒப்புக்கொள்ள முடியும்? பையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. நடக்க நடக்க நெஞ்சு நிமிர்ந்தது. நெய்ப் போத்தல்காரருக்கு இல்லாத முதுகெலும்பு எனக்கு இருக்கிறது என்று பட்டது. அந்த நிமிர்வைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானமே அவருடைய பைலை எடுத்து எழுதினேன். விண்ணப்பதாரர் பொருள் கொடுத்து அலுவலரின் தயவைப் பெற முயல்பவர் என்று சந்தேகிக்க இடமுண்டு. 'இடமுண்டு' என்று போட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருவரைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிடலாம், நாளைக்குக் கேட்டால் நான் அப்படிச் சொல்லவில்லையே என்றும் நிற்கலாம். கந்தோர் பாஷையில் நான் தேறிவிட்டேன். பைலைக் கட்டிப் பெரியவரின் அறைக்கு அனுப்பினேன்.

என் மனைவி பிடித்த பிடியை விடாதவள். அடுத்த கிழமை கூப்பன் அரிசி எடுக்கக் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போனபோது வீட்டுச் சுண்டையும் ஒரு பொட்டலம் பிளம்ஸையும் கூடைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே நிறுக்கிறவரிடம் கேட்டு, வெறும் பேணியை முதலில் நிறுத்து, பிறகு அதில் அரிசி நிரப்பி நிறுத்து, பிறகு பிளம்ஸ் நிரப்பி நிறுத்துப் பார்த்திருக்கிறாள். நான் வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னாள்.

"அந்தச் சுண்டுல அரிசி எட்டு அவுன்ஸ். அதே சுண்டுல பிளம்ஸ் ஆறு அவுன்ஸ்தான் நிக்குது. சுருங்கிக் கோணிக் கிடக்கிற சாமாங்க அது, நடுவுல எல்லாம் காத்துத்தான். பேரீச்சம்பழத்தை நாம அமுக்கினோம், அதான் சரியா வந்துச்சு."

சட்டையைப் பாதி கழற்றியபடியே கணக்குப் போட்டேன். நாலு றாத்தல் என்றால் அறுபத்து நாலு அவுன்ஸ். ஆறால் வகுத்தால் பத்து, மீதி நாலு. பத்துச் சுண்டு, பதினோராவதில் பாதிக்கு மேல். நானா எனக்கு ஒரு பழம்கூடக் கூடத் தரவில்லை. பட்டியல்படி மூன்று றாத்தல் போதும் என்ற இடத்தில் நாலு வாங்கிவிட்டு, நான் காசு கொடுத்து வாங்கிய சாமானை நானே கொண்டுபோய் அவர் பலகையில் வீசிவிட்டு வந்திருக்கிறேன். அவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நிறுத்தது நிறுத்ததுதான்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. பைல் பெரியவரின் அறையில் இருந்தது, இன்னும் முடிவாகவில்லை. காலையில் போய் என் வரியை நானே வெட்டிவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டாயம் வெட்டுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு அவள் மேலேயும் பழி போடப் பார்த்தேன்.

காலையில் பெரியவரின் அறைக்குப் போனேன். அந்தப் பலகைக் கடை நானாவைப் பற்றி நான் எழுதிய குறிப்பைத் திருத்த வேண்டும், தவறாக விளங்கிக்கொண்டு எழுதிவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சுண்டையும் அவுன்ஸையும் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். எடுக்கும்போதே அது எவ்வளவு கேவலமான கதை என்று எனக்குக் கேட்டது. போன கிழமை இவன் லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறான் என்று எழுதியவன், இந்தக் கிழமை இவன் நல்லவன் என்று வந்து நிற்கிறான். பிளம்ஸுக்கு நடுவில் காற்று இருக்கிறதாம். பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். கோபமே இல்லை, சிரிப்புத்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எவ்வளவு தந்தான்?"

நான் எழுதிய வரியை வெட்டினால் அதே வரி என் பெயருக்கு மாறிவிடும் என்பது அந்த நொடியில் தெரிந்தது. வாங்கிக்கொண்டுதான் வெட்டுகிறான் என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்பாவின் காகிதம், நெய்ப் போத்தல், தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த உத்தியோகம் எல்லாம் ஒன்றாக வந்து கண்ணில் நின்றன. ஒருவரும் ஒன்றும் தரவில்லை சேர், குறிப்பு இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பைலை எடுத்தார்.

எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் வைக்க நான் பல வருஷம் முயன்றிருக்கிறேன். குடும்பப் பொறுப்பு என்றும், காலம் அப்படி என்றும். பயம்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கேக்கைப் பொன் தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். துண்டு வாயில் கரைகிறது, யார் செய்தது என்று பலர் என் மனைவியைத் தேடி வந்து கேட்டார்கள். என் பங்கை நான் தின்னவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, தின்னாமல் விட்டதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியவர் ஒத்துக்கொண்ட பைல்களை மட்டும் குலுக்கிப் போட்டுக் கடை ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டியபோது நானாவின் பெயர் அதில் இல்லை, குலுக்கல் வரைக்கும் அவர் பைல் போகவே இல்லை. பலகைக் கடைகளை உடைத்த அன்று நான் லீவு போட்டேன். பிறகு அவர் தெல்தெனியச் சந்தை நாளில் சாக்கு விரித்து வியாபாரம் செய்கிறார் என்று கந்தோரில் யாரோ சொன்னார்கள். பிளம்ஸுக்கு நாம் இனி எங்கே போவது என்றுதான் அவர்களுக்குக் கவலை.

அலவத்துகொடை பஸ் கட்டுகஸ்தோட்டை வழியாகத்தான் டவுனுக்கு வரும். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சில மாதங்கள் நேரத்தை மாற்றி மாற்றிப் போனேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்று, வந்த பஸ்ஸில் பார்க்காமல் ஏறிவிட்டேன். டவுனில் பஸ் மாறித் தெல்தெனியச் சந்தைக்குப் போகிற நானா நடுவில் இருந்தார். காலடியில் ஒரு மூட்டை, பக்கத்து இருக்கையில் இன்னொரு மூட்டை. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு இறங்கி ஓடவேண்டும்போல இருந்தது. அவர் இப்படிச் சிரிப்பதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறார் என்று அப்போதும் என் மனம் போனது. சந்தேகப்பட்டுப் பழகிய மனம், அவ்வளவு நடந்த பிறகும் அவரையே சந்தேகித்தது.

தங்கச்சி சுகமா, கல்யாணம் நன்றாக நடந்ததா என்று விசாரித்தார். தெல்தெனியச் சந்தை கிழமைக்கு ஒரு நாள்தான், மற்ற நாளில் வருமானம் இல்லை, இரண்டாவது மகளின் படிப்பை நிறுத்திவிட்டேன் என்று யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கந்தோர்ல நான் நம்புற ஒரே மனிசன் நீங்கதான். சாமான் கூட வந்திச்சின்னு திருப்பிக் கொணந்து வெச்ச ஆள நான் வேற எங்கயும் கண்டில்ல. என்ட பைல்ல யாரோ என்னமோ எழுதி ஈக்காம். என்னத்தன்னு பாத்துச் செல்ல ஏலுமா?"

பார்த்துச் சொல்கிறேன் நானா என்றேன். டவுன் வந்ததும் முதல் ஆளாக இறங்கினேன்.

அடுத்த சந்தை நாளில் நேரத்தை மாற்றாமல் அதே பஸ்ஸைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பிடித்தேன். ஏறியதும் அவர் முகத்தை நிமிர்த்தினார். சுற்றிலும் ஆட்கள். அத்தனை நாளும் மனதில் அடுக்கிய வார்த்தைகளை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

"பார்த்தேன் நானா. பைல்ல ஒண்ணும் இல்ல. குலுக்கல்லதான் போயிருச்சு."

"நீங்க செல்றீங்கன்னா சரிதான் தம்பி" என்றார். பிறகு பக்கத்து இருக்கையில் இருந்த மூட்டையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.